பேரரசு விழுவதும் மடை பழுதாவதும்: அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையை வீரசோழன் வறண்ட நாட்டிலிருந்து வாசித்தல்

1942 மே மாதம் ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ என்ற அமெரிக்க இதழில் ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதை வெளியானது. அப்போது அவருக்கு 22 வயது; வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். ரோமானியப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி எட்வர்ட் கிப்பன் 1776 முதல் எழுதிய பெருநூலை விண்மீன் மண்டலம் முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் என்ன என்பதே அக்கதையின் விதை என்று அசிமோவே சொல்லியிருக்கிறார். தொடர்ந்து வந்த கதைகள் 1951, 1952, 1953 ஆண்டுகளில் மூன்று நூல்களாயின. அறிவியல் புனைவில் எக்காலத்துக்கும் சிறந்த தொடர்வரிசை என்று 1966இல் இவற்றுக்கு ஹியூகோ விருது கிடைத்தது. 1980களில் அசிமோவ் மீண்டும் இதே உலகுக்குத் திரும்பினார் என்றாலும், இக்கட்டுரைக்கு முதல் மூன்று நூல்களே போதும். பேரரசுகள் எப்படி விழுகின்றன, விழுந்தபின் எது மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு அவை சொல்லும் விடை பாதி சரி, பாதி தவறு என்பது என் வாதம். எந்தப் பாதி சரி என்று சோதிக்க ரோமாபுரியைவிட நல்ல இடம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் கிழக்கே, வீரசோழனைச் சுற்றிக் கிடக்கும் கண்மாய் நாடு.

கதையின் அடித்தளம் எல்லோரும் அறிந்ததுதான். 12,000 ஆண்டுகள் நின்ற அண்டப் பேரரசு சரியப்போகிறது என்று ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர் கண்டுபிடிக்கிறார். பெருந்திரளான மக்களின் போக்கைக் கணக்கிட்டுச் சொல்லும் ‘உளவரலாறு’ என்ற துறை அவர் உருவாக்கியது. சரிவைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்குப்பின் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகச் சுருக்கலாம் என்கிறார். அதற்காகப் பேரரசின் விளிம்பில், கனிவளம் இல்லாத டெர்மினஸ் என்ற கோளில், கலைக்களஞ்சியம் தொகுக்கும் சாக்கில் அறிஞர்களைக் குடியேற்றுகிறார்; அந்தக் குடியேற்றமே ஃபவுண்டேஷன். அறிவை ஓரிடத்தில் சேர்த்துவைத்தால் நாகரிகத்தை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையின்மேல்தான் முழு வரிசையும் எழுந்து நிற்கிறது. உளவரலாறு நடக்கக்கூடியதா என்பதைப் பற்றித்தான் பெரும்பாலான விமர்சகர்கள் பேசியிருக்கிறார்கள். அது எனக்கு இரண்டாம்பட்சம். கணக்கில் அடங்காத ஒற்றை மனிதனாக மியூலைக் கொண்டுவந்து அந்தக் கணக்கின் வரம்பை அசிமோவே காட்டிவிட்டார். பலர் கவனிக்காமல் கடந்துபோவது, பேரரசு விழும் காட்சிகளில் அவர் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஒரு நோய்க்குறி.

அந்த நோய்க்குறி, பழுதுபார்க்கத் தெரியாமை. முதல் நூலில் பேரரசின் தூதராக வரும் டோர்வின் பிரபு தொல்லியலில் ஈடுபாடு உள்ளவர். மனித இனம் முதலில் தோன்றிய கோள் எது என்று ஆராய்வதாகச் சொல்கிறார். ஆனால் எங்கும் போய்த் தோண்டிப் பார்ப்பதில்லை. பழைய அறிஞர்களின் நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதே ஆராய்ச்சி என்று நினைக்கிறார். ஒரு கோளில் அணுமின் நிலையம் வெடித்துப் பல மில்லியன் பேர் இறந்த செய்தியும் அவர் வாயிலிருந்தே வருகிறது. அதற்குப் பேரரசு கண்ட தீர்வு, அணுசக்திப் பயன்பாட்டைக் குறைப்பது. புதிய தொழில்நுட்பர்களைப் பயிற்றுவிக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. டெர்மினஸின் மேயர் சால்வர் ஹார்டின் இதைக் கேட்டுத்தான் பேரரசின் கதை முடிந்தது என்று முடிவுகட்டுகிறார். பின்னால் சிவென்னா கோளுக்குப் போகும் வணிகர் ஹோபர் மாலோ, அங்குள்ள மின்னாக்கியைக் காக்கும் ஊழியனுக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே நுழைகிறார். அந்த வேலை தந்தையிலிருந்து மகனுக்கு வருவது. இயந்திரம் என்றென்றைக்கும் ஓடும்படி முன்னோர் செய்தது என்று அவன் பெருமை பேசுகிறான். ஒரு பாகம் உடைந்தால் சரிசெய்ய முடியுமா என்று மாலோ கேட்டதும் அவனிடம் மிஞ்சுவது கோபம் மட்டுமே. பெரிய கப்பற்படைப் போர்களைவிட இந்தச் சிறு காட்சி ஆழமானது. பேரரசு போர்க்களத்தில் விழவில்லை. இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவனுக்கும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவனுக்கும் இடையே விழுந்த இடைவெளியில்தான் விழுந்தது.

இவ்வளவு கூர்மையாக நோயைக் கண்டவர் தந்த மருந்து அதே நோயைப் பரப்புகிறது. பேரரசைவிட்டுப் பிரிந்த அனக்ரியான் முதலிய அண்டை அரசுகளுக்கு ஃபவுண்டேஷன் அணுசக்தியைக் கொடுக்கிறது, அதுவும் ஒரு மதத்தின் வடிவில். அந்நாட்டு இளைஞர்கள் டெர்மினஸுக்கு வந்து பூசாரிகளாகப் பயில்கிறார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது தெரியும், ஏன் என்று தெரியாது. சிவென்னா ஊழியனின் அறியாமை தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து வந்தது. அனக்ரியான் பூசாரியின் அறியாமை திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது, ஏனென்றால் அதுதான் ஃபவுண்டேஷனின் ஆட்சிக் கருவி. மூன்றாம் நூலின் முடிவு இதை இன்னும் தெளிவாக்குகிறது. சூறையாடப்பட்ட தலைநகர் ட்ரான்டரில் மிஞ்சிய மக்கள், கோளைப் போர்த்தியிருந்த உலோகத்தைப் பெயர்த்து விற்று விதையும் கால்நடையும் வாங்கி உழவர்களாகியிருக்கிறார்கள். நாகரிகத்தின் மறைமுகக் காவலர்களான இரண்டாம் ஃபவுண்டேஷனின் தலைவர் ப்ரீம் பால்வரும் அங்கே ஓர் உழவராகத்தான் உலவுகிறார். ஆனால் உழவு அவருக்கு வேடம். அறிவு பழைய நூலகத்தில், உளவரலாற்றுச் சமன்பாடுகளில் இருக்கிறது. அழிவுக்குப்பின் மண்ணைத் திரும்பவும் விளையவைத்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று அசிமோவ் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 40 பில்லியன் பேர் வாழ்ந்த நகரக்கோள், இருபது கோள்களின் விளைச்சலைத் தின்று வளர்ந்த நகரக்கோள், தன் சோற்றைத் தானே விளைவிக்கக் கற்றுக்கொண்டது இந்த வரிசையிலேயே மிகப் பெரிய நிகழ்ச்சி. சில வரிகளில் அதைக் கடந்துபோகிறார்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் வீரசோழன். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழி வட்டத்தில், நரிக்குடி ஒன்றியத்தில் இருக்கிறது இந்த ஊர். மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாறும் கிருதுமால் நதியும் ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடப்பவை. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் மேலூர், மதுரைப் பக்கம் செழித்ததுபோல இந்தப் பக்கம் செழிக்கவில்லை. எனவே இங்கே நெல் விளைகிறது என்றால் அது கண்மாயால்தான். ஒரு கண்மாய் நிரம்பினால் உபரிநீர் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியில் எந்த ஊரும் தனித்து நிற்பதில்லை. மேலூரான் கலுங்கின்மேல் கல்லடுக்கி மண்பூசி மட்டத்தை உயர்த்தினால் கீழூரான் வயல் காயும். கலுங்கை அடைத்துக் கரை உடைந்தால் இருவர் வயலும் மூழ்கும். வரத்துக்காலை எந்த மாதத்தில் வெட்டிச் சீர்செய்வது, எந்த மடையை எத்தனை நாள் திறப்பது, கரையில் கசிவு கண்டால் எதை வைத்து அடைப்பது, வண்டலை எந்த வயலுக்கு அடிப்பது, நீர் குறைந்த ஆண்டில் எந்த வயற்பகுதியை முதலில் கைவிடுவது என்பதெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் எழுதப்பட்டதல்ல. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் சிலரிடமும், குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் கூடிச் செய்யும் கண்மாய்ப் பராமரிப்புக்கு, ஆள் அனுப்பிய வீடுகளிடமும் அது இருந்தது.

இந்த மண்ணின்மேல் பேரரசுகள் வந்துபோன வரிசையைப் பார்க்கலாம். 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்து எருக்கங்குடிக் கல்வெட்டு, எட்டிச்சாத்தன் என்ற இருப்பைக்குடிக் கிழவன் குளங்களை வெட்டுவித்ததைச் சொல்கிறது. அந்த ஊர் இதே மாவட்டத்தில் சாத்தூர்ப் பக்கம் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் பாண்டிய நாட்டைப் பிடித்தான். பின் ராஜராஜன் காலத்தில் சோழ ஆட்சி உறுதியானது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் மீண்டெழுந்தார்கள். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. மதுரை சுல்தான்கள், விஜயநகரம், 1736 வரை நாயக்கர்கள், அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் இராமநாதபுரச் சேதுபதிகள். கிப்பன் கண்ணால் பார்த்தால் இது ஐந்தாறு ரோமாபுரிகள் அடுத்தடுத்து விழுந்த கதை. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் போர், கொள்ளை, பஞ்சம் வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கண்மாய் மீண்டது. அரசன் பெயர் மாறிய இடத்தில் மடையின் வேலை மாறவில்லை. செல்டன் அஞ்சிய நீண்ட இருளுக்கு இங்கே இடம் வரவில்லை, ஏனென்றால் சோறு விளைவிக்கும் அறிவு தலைநகரத்தில் குடியிருக்கவில்லை.

ஓரிடத்தில் குவிந்த அறிவுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் இதே வட்டாரம் சான்று வைத்திருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. வெண்புநாட்டுக் குறண்டி என்று அது கல்வெட்டுகளில் வரும். அங்கிருந்து போன ஆசிரியர்கள், மாணாக்கர்களின் பெயர்கள் மதுரைச் சமணர்மலையிலும் கழுகுமலையிலும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வறண்ட விளிம்பில் நிறுவப்பட்டு நாடெங்கும் ஆட்களை அனுப்பிய அறிவுநிலையம் என்ற வகையில் டெர்மினஸுக்கு இவ்வளவு நெருங்கிய உவமை தமிழ்நாட்டில் வேறொன்று கிடைப்பது அரிது. இன்று அந்தப் பள்ளியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வேறு ஊர்ப் பாறைகளில் உள்ள சில வரிகள். கொடையாளர் ஆதரவு போனதும் பள்ளி மறைந்தது. அதே காலத்துக் கண்மாய்ப் பாசனம் மட்டும் ஆயிரம் ஆண்டு தாண்டி வந்தது. பள்ளியின் இழப்பு சிறிதல்ல. எனக்கு அது உண்மையான துயரம். எந்த வகை அறிவு எதனால் பிழைக்கிறது என்பதை மட்டும் இந்த ஒப்பீடு காட்டுகிறது.

அப்படியானால் கண்மாய் நாடு எப்போது சரிந்தது? விடை கிப்பனின் கதைக்கு நேரெதிரானது. பேரரசு விழுந்தபோது சரியவில்லை. இதுவரை கண்டிராத வலிமையோடு ஒரு பேரரசு நிலைபெற்றபோது சரியத் தொடங்கியது. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கியது. 1803இல் இராமநாதபுரம் நிரந்தர ஜமீனாக்கப்பட்டது. கப்பத் தொகை நிலையானது. கட்டத் தவறினால் சொத்து போகும். படையும் ஆணையும் இல்லாத ஜமீன்தார்களுக்குக் கண்மாயில் போடும் பணம் வீண்செலவாகத் தோன்றியது. ஜமீன் வருமானத்தில் பெரும்பங்கு வழக்குமன்றங்களுக்கும் கடனுக்கும் போயிற்று. ஊர்மக்கள் வழக்கமாகச் செய்துவந்த மராமத்து வேலையைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு வழக்கத்தைச் சட்டம் போட்டு மிரட்டிச் செய்யவைக்கும் நிலை வந்தது என்றால் அந்த வழக்கத்தின் உயிர்நாடி ஏற்கெனவே அறுந்துவிட்டது என்று பொருள். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது மாகாணத்தில் இரயிலும் தந்தியும் இருந்தன. செத்தவர்களை அவை காக்கவில்லை. இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் கப்பலேறியது இதன் தொடர்ச்சி. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு என்று பிரிந்தன. நீரோட்டத்தில் ஒரே சங்கிலியாக இருந்தவை கோப்புகளில் இரண்டாக வெட்டுப்பட்டன. வரத்துக்காலில் சீமைக்கருவேல் முளைத்தது. கரிமூட்டம் போடுவது பலருக்கு உழவைவிட நம்பகமான பிழைப்பாயிற்று. சிவென்னா ஊழியனின் நிலை இங்கே இப்படித்தான் வந்தது: மடை இருந்தது, அதைச் சரிசெய்யும் உரிமையும் பொறுப்பும் பழக்கமும் ஊரைவிட்டு எங்கோ ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை நீண்டகாலம் ஆராய்ந்து 2003இல் எழுதிய நூலில், தன்னிறைவான கிராமச் சமுதாயம் கண்மாயைக் காத்தது என்பது பிற்காலக் கற்பனை என்று வாதிடுகிறார். அரசர்களும் பாளையத் தலைவர்களும் தங்கள் அதிகாரத்தை நிலைநாட்டக் குளம் வெட்டினார்கள், கொடை கொடுத்தார்கள். கண்மாய் அரசியலால் வாழ்ந்தது, பல கண்மாய்கள் அந்தக் காலத்திலும் உடைந்தே கிடந்தன என்பது அவர் கருத்து. இதை ஏற்கவே வேண்டும். எட்டிச்சாத்தனும் அரசனோடு உறவுள்ள தலைவன்தான், ஊர்க்கூட்டம் அல்ல. எனினும் இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறதே தவிரத் தகர்க்கவில்லை. கண்மாய் உடைந்தால் தன் மதிப்பும் வருவாயும் உடையும் என்ற நிலையில் இருந்த தலைவன் பழுதுபார்க்கும் கைகளுக்கு அருகிலேயே இருந்தான். ஒருவன் வீழ்ந்தால் அதே தேவையோடு இன்னொருவன் வந்தான். 1803க்குப் பிறகு முறிந்தது இந்த நெருக்கம்தான். ஆகவே மையத்துக்கும் ஊருக்கும் இடையிலான போட்டியாக இதைப் பார்ப்பது சரியல்ல. பழுதால் நட்டப்படுகிறவனும் பழுதைத் தீர்க்க வல்லவனும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை விரைந்து கடப்பது நேர்மையாகாது. அந்தக் கைகள் யாருடையவை? நீர்ப்பாய்ச்சும் வேலையும் மடையில் மூழ்கித் திறக்கும் வேலையும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்டவை. கூலி, களத்துமேட்டில் அளந்துபோடும் சில மரக்கால் தானியம். நீரை நெல்மணி எண்ணுவதுபோல் பங்கிடத் தெரிந்த அதே மனிதருக்கு ஊர்க்கிணற்றில் நீர் இறைக்க உரிமை இல்லாத ஊர்கள் இருந்தன. குடிமராமத்து என்ற பெயரில் நடந்ததில் கட்டாய உழைப்பும் அடக்கம். இந்த வேலையை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போனது சரிவு அல்ல, விடுதலை. பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும் என்று யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து முடிவெடுத்தால் அது தவறு. பரம்பரை ஊழியர் என்ற ஏற்பாட்டை அசிமோவ் அறிவு மங்குவதன் அடையாளமாகக் காட்டியது ஒரு வகையில் நம் சாதி ஏற்பாட்டின்மீதும் விழும் தீர்ப்பு. பழுதுபார்க்கும் அறிவைப் பிறப்போடு கட்டிவைத்து, அதற்கு மதிப்பும் கூலியும் மறுத்த சமூகம், அந்த அறிவு கைவிட்டுப்போக வழியைத் தானே திறந்துவைத்தது.

அண்டப் பேரரசை மண்கரையோடு ஒப்பிடலாமா என்றும் கேட்பார்கள். அணுஉலையை ஊர்மக்கள் கூடிச் சரிசெய்ய முடியாதுதான். இங்கே அசிமோவின் சரியான பாதிக்கு உரிய இடம் தரவேண்டும். ரோமானிய வீழ்ச்சி வெறும் உருமாற்றம்தான் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதியபோது, பிரையன் வார்ட்-பெர்க்கின்ஸ் 2005இல் மண்பாண்டங்களையும் கூரையோடுகளையும் எடுத்துக்காட்டி மறுத்தார். தொலைவில் செய்து பெருமளவில் விற்ற நல்ல பாண்டத்துக்குப் பழகிய பகுதிகள், அந்த வணிகம் நின்றதும் ரோமானியருக்கு முந்திய நிலைக்கும் கீழே போயின. பிரிட்டனில் குயவர் சக்கரமே ஏறத்தாழ மறைந்தது. வேண்டியதையெல்லாம் தொலைவிலிருந்து பெற்றவர்களுக்கு வீழ்ச்சி அவ்வளவு ஆழமானதாக இருந்தது. ட்ரான்டரின் கதையும் அதுதான். ஆகவே செல்டனின் 30,000 ஆண்டு எல்லா நாகரிகத்துக்கும் பொதுவான விதி அல்ல. பழுதுபார்க்கும் அறிவைத் தன் மக்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட நாகரிகத்துக்கு மட்டும் உரிய விதி. தொழில்நுட்பம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அதிகம் பேருக்கு அதன் உள்வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கே இது கொண்டுசெல்கிறது. பூசாரிகளை உருவாக்கிய ஹார்டினின் வழி அதற்கு எதிர்த்திசை.

2017 முதல் தமிழ்நாட்டில் குடிமராமத்து என்ற பெயரில் கண்மாய்களைத் தூர்வாரும் திட்டம் நடந்தது. பாசன விவசாயிகள் சங்கங்களின் பெயரிலேயே வேலைகள் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டில் சீமைக்கருவேலை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணைகள் பிறப்பித்தது. இயந்திரம் கொண்டு மண்ணை அள்ளுவது எளிது. தூர்வாரிய கண்மாயின் மடையை அடுத்த இருபது ஆண்டு பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதுதான் கடினமான கேள்வி. வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் ஒவ்வொரு கண்மாய்க்கும் அதன் வரத்துக்கால், கலுங்கு மட்டம், மடைகளின் நிலை, அடுத்த கண்மாயோடு உள்ள நீர்ப்பங்கு ஆகியவற்றை இன்னும் அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த அறிவு போவதற்குள் ஊர்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச்சென்று கற்பிக்க வேண்டும். நீர்ப்பாய்ச்சி வேலையைச் சாதி பாராமல் ஆள் எடுத்து, மாத ஊதியமும் பயிற்சியும் உள்ள ஊராட்சிப் பணியாக அரசு அறிவிக்க வேண்டும். ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்களை, ஆயக்கட்டு எவ்வளவு என்று பாராமல், ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டும்.